கரண்ட் போய் வந்தால் தானாக எழும்புமா? ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் பற்றி வன்னியிலிருந்து

கிளிநொச்சியில் சிசிடிவி, ரவுட்டர், சோலர் என்று வேலை செய்கிறவள் நான். வட்டக்கச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் சில வீடுகளுக்கு ஹோம் அசிஸ்டன்ட் பெட்டி (விளக்கு, மோட்டர், சோலர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் சின்னக் கணினி) பூட்டிக் கொடுத்திருக்கிறேன். பூட்டிய பிறகு அதைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். அந்த வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதான அம்மா அப்பா. பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். பெட்டி நின்றுபோனால் எடுத்துப் பார்க்க வீட்டில் ஆள் கிடையாது. விளக்கின் நிறம் மாறுகிறதா, யன்னல் சீலை தானாகத் திறக்கிறதா என்பதெல்லாம் இந்த வீடுகளுக்குப் பிறகு பார்க்கிற விஷயம். சாமத்தில் கரண்ட் போய் விடியப்புறம் வந்தால், ஒருவரும் கை வைக்காமல் பெட்டி எழும்பி வேலையைத் தொடங்குமா? நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் எழும்புகிறது. சரியான சாமானில் பூட்டினால் மட்டும். அந்த 'மட்டும்' பற்றித்தான் இங்கே நிறைய எழுதப் போகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கி விடுகிறேன். ஹோம் அசிஸ்டன்ட் என்பது 2013 இல் பவுலஸ் ஸ்கௌட்சன் பைத்தானில் எழுதத் தொடங்கிய மென்பொருள். இலவசம், மூலநிரல் திறந்தது. 2024 இலிருந்து ஓப்பன் ஹோம் பவுண்டேஷன் என்ற இலாபநோக்கற்ற அமைப்பின் கையில் இருக்கிறது. சுவிச், சென்சர், கமெரா, சோலர் இன்வேட்டர் எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவந்து, இது நடந்தால் அதைச் செய் என்று சொல்லவைப்பது அதன் வேலை. அதை ஓட்டுவதற்கென்றே தனியாகக் கட்டிய சிறிய லினக்ஸ்தான் ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ். 2018 இல் ஹாஸ்ஓஎஸ் என்ற பெயரில் வந்தது. பில்ட்ரூட் என்ற கருவியால் தேவையானதை மட்டும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உபுண்டு, டெபியன் மாதிரி ஒவ்வொரு மென்பொருளாக அதற்குள் நிறுவ முடியாது. உள்ளே ஓடுவதெல்லாம் டொக்கர் கொன்டெய்னர்கள் எனப்படும் தனித்தனி அறைகள் மாதிரியான பொதிகளில் ஓடுகிறது. சூப்பர்வைசர் என்ற ஒன்று அவற்றை மேய்க்கிறது.

இந்த லினக்ஸ் டிஸ்க்கை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றில் கேர்னலுக்கு (ஓஎஸின் அடிக்கரு) இரண்டு, சிஸ்டத்துக்கு இரண்டு. ஒரு சோடி வேலை செய்யும்போது மற்றச் சோடி சும்மா இருக்கும். புதிய பதிப்பு வந்தால், ரௌக் என்ற கருவி அதன் கையொப்பத்தைச் சரிபார்த்து, சும்மா இருக்கும் பக்கத்தில் எழுதும். அப்புறம்தான் ரீபூட். புதியது எழும்பவில்லை என்றால் சில தடவை முயன்று பார்த்துவிட்டுப் பழைய பக்கத்துக்கே திரும்பிவிடும். அப்டேட் பாதியில் நிற்கும்போது கரண்ட் போனாலும் ஓடிக்கொண்டிருந்த பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. வன்னியில் அப்டேட் போடும் எவருக்கும் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். மழை இருட்டிக்கொண்டு வரும்போது நான் துணிந்து பொத்தானை அழுத்துவதற்குக் காரணம் இதுதான்.

சிஸ்டம் பகுதி படிக்க மட்டும் முடிந்தது. ஓடும்போது அதில் ஒரு பைட்கூட எழுத முடியாது. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்காத வீடு மாதிரி. எழுதுவதில் பெரும்பகுதி தரவுப் பகுதிக்குத்தான் போகும். ஆகவே திடீரென்று கரண்ட் போனால் அடிபடக்கூடியது பெரும்பாலும் தரவுப் பகுதிதான்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், முழுத் தீவுக்கும் கரண்ட் போனது நினைவிருக்கும். மினி யூபிஎஸ் இருந்த வீடுகளில் அது கொஞ்ச நேரம் தாங்கியது, பிறகு எல்லாம் அணைந்தது. கரண்ட் வந்த பிறகு ஒவ்வொரு வீடாகப் போனில் பார்த்தேன். எல்லாப் பெட்டியும் எழும்பியிருந்தது. விசுவமடுவில் ஒரு வீட்டில் மட்டும் பழைய வரைபடங்கள் வெறுமையாக இருந்தன. சென்சர் வரலாற்றை வைத்திருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளம் பழுதாகிவிட்டது. ஹோம் அசிஸ்டன்ட் அதைக் கண்டுபிடித்து, பழுதான கோப்பின் பெயரில் 'கரப்ட்' என்று சேர்த்து ஒதுக்கிவைத்துவிட்டு, புதிதாக ஒன்றைத் தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது. வரலாறு போனது, வீடு நிற்கவில்லை. அந்த வீட்டு அம்மாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி, சரியான சாமான் எது என்பது.

பலரும் ராஸ்பெரி பை என்ற கையளவு கணினியும் எஸ்டி கார்டும் வாங்கித்தான் தொடங்குகிறார்கள். தொடங்குவதற்குச் சரி, வீட்டில் விட்டுவிட்டு வருவதற்குச் சரியில்லை. ஹோம் அசிஸ்டன்ட் இயல்பாகவே ஐந்து செக்கனுக்கு ஒருமுறை சென்சர் மாற்றங்களைத் தரவுத்தளத்தில் எழுதுகிறது, பத்து நாள் வரலாற்றை வைத்திருக்கிறது. இரவு பகலாக இப்படி எழுதினால் மலிவு கார்ட் தேய்ந்துபோகும். தேயும்போது சொல்லிவிட்டுத் தேயாது. ஒரு நாள் காலையில் பெட்டியின் லைட் எரியும், திரை வராது, அவ்வளவுதான். கார்ட்தான் என்றால் 32 ஜிபிக்குக் குறையாமல் ஏ2 என்ற வேகக் குறி போட்ட தரமான கார்டாக எடுங்கள். எழுதும் இடைவெளியைக் கூட்டுங்கள், நிமிடத்துக்கு நாலு தடவை மாறும் வோல்ட்டேஜ் சென்சர்களைப் பதிவிலிருந்து விலக்குங்கள். அதைவிட நல்லது, ஓஎஸ் அமைப்புப் பக்கத்திலேயே தரவு டிஸ்க்கை வெளி எஸ்எஸ்டிக்கு மாற்றும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

சார்ஜர் விஷயமும் அப்படித்தான். பை 4 க்கு 5 வோல்ட் 3 அம்பியர் வேண்டும். வீட்டில் கிடக்கும் போன் சார்ஜரைச் செருகினால் எழும்பும், ஆனால் எஸ்எஸ்டி சேர்ந்து இழுக்கும்போது வோல்ட்டேஜ் விழும். ஹோம் அசிஸ்டன்ட் இதைத் தானாகவே கவனித்து, மின்வழங்கி போதாது என்று காட்டுகிறது. அந்த அறிவிப்பை ஒருவரும் அலட்சியம் செய்யக்கூடாது. காரணம் புரியாத பாதிப் பழுதுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கும்.

நான் இப்போது பூட்டுவது அலுவலகங்களில் பாவித்து விற்கும் சின்ன மினி பிசி. 64 பிட் இன்டெல் பெட்டிக்கென்று தனி இமேஜ் (டிஸ்க்கில் அப்படியே எழுதும் ஓஎஸ் கோப்பு) இருக்கிறது. பெட்டியின் அமைப்புத் திரையான பயோஸில், யூஈஎஃப்ஐ என்ற முறையில் பூட் செய்யும்படி வைக்க வேண்டும், 'செக்கியூர் பூட்' என்ற தெரிவை நிறுத்த வேண்டும். பையைவிடக் கரண்ட் கொஞ்சம் கூட இழுக்கும். ஆனால் இரண்டு காரணங்களுக்காக இந்த ஊருக்கு இதுதான் பொருத்தம். பயோஸில் 'கரண்ட் திரும்பி வந்தால் தானாக ஓன் ஆகு' என்ற தெரிவு இருக்கும். அதைப் போட்டுவிட்டால் ஒருவரும் பொத்தான் அழுத்தத் தேவையில்லை. பாவித்த பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு விலை பேசுங்கள்.

இரண்டாவது காரணம் மணிக்கூடு. மினி பிசிக்குள் காசளவு பற்றரி ஒன்று நேரத்தைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கும். பை 4 இல் அது கிடையாது (பை 5 இல் பற்றரி செருக இடம் உண்டு, பற்றரி தனியாக வாங்க வேண்டும்). பற்றரி மணிக்கூடு இல்லாத பெட்டி, கரண்ட் வந்து எழும்பும்போது இணையத்திலிருந்துதான் நேரத்தைக் கேட்கும். கரண்ட் கனநேரம் இல்லாவிட்டால் போன் கோபுரத்தின் பற்றரியும் இறங்கியிருக்கும், 4ஜி வராது. இணையம் வரும்வரை பெட்டி பழைய நேரத்திலேயே நிற்கும். விடிய ஐந்து மணிக்குப் போட வேண்டிய மோட்டர் எத்தனை மணிக்குப் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம். முழங்காவில் பக்கமோ துணுக்காய் பக்கமோ இருப்பவருக்கு அப்படியில்லை.

மோட்டர் என்றவுடன் வட்டக்கச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டைச் சொல்ல வேண்டும். இந்த ஓஎஸ் எவ்வளவு தூரம் போகும், எங்கே அதை நம்பக்கூடாது என்ற இரண்டுக்கும் அது நல்ல உதாரணம். கிணறு வளவின் பின்மூலையில். வீட்டுக் கூரைக்குப் பக்கத்தில் 1000 லீற்றர் தாங்கி. தாங்கி மூடிக்குக் கீழே ஒலியலையால் தண்ணீர் மட்டத்தை அளக்கும் நீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சர் ஒன்று, அதோடு ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை. இந்தச் சென்சருக்குக் கிட்ட உள்ள இருபது, இருபத்தைந்து சென்ரிமீற்றர் கண் தெரியாது. தாங்கி நிரம்பும்போது தண்ணீர் அந்த இடத்துக்குள் வந்தால் கண்டபாட்டுக்கு எண் காட்டும். ஆகவே மூடியில் துளை போட்டு, அகலமான பிவிசிக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்துச் சென்சரை மேலே தூக்கி இருத்தினேன். சென்சரின் பதில் வரும் எக்கோ வயரில் வருவது 5 வோல்ட், பலகை தாங்குவது 3.3. இடையில் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும். மோட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு ஈஎஸ்பி பலகை, ஒரு ரிலே. ரிலே நேராக மோட்டரைத் தூக்குவதில்லை. அது கொன்டாக்டர் என்ற பெரிய சுவிச்சைத் தூக்கும், கொன்டாக்டர் மோட்டரைத் தூக்கும். மோட்டர் எழும்பும்போது இழுக்கும் கரண்டுக்குச் சின்ன ரிலேயின் முனை ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் நிறுத்தச் சொன்னாலும் நிற்காது.

ஆவணி வெயிலில் அந்தக் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டர் எரியும். மோட்டர் ஓடிப் பத்து நிமிடமாகியும் தாங்கியில் மட்டம் ஏறவில்லை என்றால் நிறுத்து, ஐயாவின் போனுக்கும் மகனின் போனுக்கும் செய்தி அனுப்பு என்று எழுதிவைத்தேன். ஒரு நாள் பகல் ஐயா போன் எடுத்தார்.

"பிள்ளை, மோட்டர் தன்ரபாட்டில நிண்டிட்டுது. பழுதோ?"

"இல்லை ஐயா. கிணத்தில தண்ணி காணாது, அதான் நிப்பாட்டியிருக்கு. ஊற விட்டுப் பின்னேரமாப் போடுங்கோ."

"அப்ப அது பாத்துக்கொண்டே நிக்குது?"

"ஓம் ஐயா."

அவர் அதற்குப் பிறகு கிணற்றடிக்குப் போய்க் காவல் நிற்பதை விட்டுவிட்டார். அவருக்கு மூட்டு வருத்தம் இருக்கிறது, அந்த நடை குறைந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இதில் பூட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருளை இந்தப் பலகைகளில் போட்டால், ஹோம் அசிஸ்டன்ட் தன்னோடு பேசவில்லை என்று கண்டதும் பதினைந்து நிமிடத்தில் பலகை தானாக ரீபூட் ஆகும். இயல்பான அமைப்பு அப்படி. விளக்குக்கு அது பரவாயில்லை. மோட்டருக்கு அது கூடாது. பெட்டி ஏதோ காரணத்தால் படுத்துக்கிடந்தால் மோட்டர்ப் பலகை பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்து எழும்பிக்கொண்டிருக்கும். அந்த நேரக்கெடுவைப் பூச்சியமாக்கி, எழும்பும்போது ரிலே எப்போதும் ஓஃப் என்று எழுதிவிட வேண்டும். கூடவே, 'இவ்வளவு நிமிடத்துக்கு மேல் ஓடாதே' என்ற காவலைப் பலகைக்குள்ளேயே போட வேண்டும். மோட்டரை எப்போது போடுவது என்ற முடிவைப் பெட்டி எடுக்கட்டும். நிறுத்துகிற அதிகாரம் மோட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓஎஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு கணினியை நம்பி மட்டும் தண்ணீர் மோட்டரை விடாதீர்கள்.

போனுக்குப் போகும் செய்தியைத் தவிர இவையெல்லாம் இணையம் இல்லாமல் நடக்கிறது என்பது இந்த ஓஎஸின் இரண்டாவது பெரிய பலம். இதற்கு முன் இன்னொரு வீட்டில் யாரோ பூட்டியிருந்த மலிவு வைஃபை சுவிச்களைப் பார்த்திருக்கிறேன். அடுப்படி விளக்கைப் போடச் சொன்னால் கட்டளை வெளிநாட்டு சேர்வர் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். டேட்டா முடிந்த அன்று அந்த வீட்டு அம்மா போனை வைத்துக்கொண்டு இருட்டில் நின்றார். ஹோம் அசிஸ்டன்டில், வீட்டுக்குள்ளேயே பேசக்கூடிய சுவிச் என்றால், பெட்டியும் சுவிச்சும் ஒரே வீட்டு வைஃபையில் இருந்தால் போதும். டேட்டா முடிந்தாலும் வீட்டுக்குள் எல்லாம் நடக்கும்.

இனிக் குறை சொல்ல வேண்டும். முதற்குறை அப்டேட்டின் பசி.

ஹோம் அசிஸ்டன்டின் மையப் பகுதி ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமையை ஒட்டிப் புதிய பதிப்பு விடுகிறது. ஆண்டு, புள்ளி, மாதம் என்று எண் போடுவார்கள். பின்னால் அந்த மாதத்துக்குள்ளேயே சின்னத் திருத்தங்கள் வரும். ஓஎஸுக்குத் தனி எண், தனி அப்டேட். ஆட்-ஒன்கள் என்று மேலதிகமாகச் சேர்க்கும் மென்பொருள்களுக்குத் தனித்தனி. சூப்பர்வைசர் கேட்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். மையப் பகுதியின் ஒரு அப்டேட்டே நூற்றுக்கணக்கான எம்பி. மாதச் சின்னத் திருத்தங்கள் எல்லாவற்றையும் போட்டால், 4ஜி பக்கேஜில் இருக்கும் வீட்டில் அம்மாவும் மகளும் வீடியோவில் கதைக்கிற டேட்டாவைத் தின்றுவிடும். ஃபைபர் இழுத்த வீட்டுக்கு இது பொருட்டில்லை. நான் பார்க்கும் வீடுகளில் பாதிக்கு ஃபைபர் இல்லை.

எனக்குச் சரிவந்த வழியைச் சொல்கிறேன். மாதத்தின் முதல் பதிப்பைத் தொடுவதே இல்லை. திருத்தங்கள் வந்து அடங்கிய மூன்றாம் கிழமைக்குப் பிறகு, கடையிலிருக்கும் என் சோதனைப் பெட்டியில் போட்டு, பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்கள் என்று அவர்களே எழுதும் பகுதியை முழுக்க வாசித்து, பிறகு வீடுகளுக்குப் போடுகிறேன். அதுவும் எல்லா மாதமும் கிடையாது. ஆனால் ஒரேயடியாக ஓராண்டு விட்டுவிடவும் கூடாது. இடையில் நீக்கப்பட்ட அமைப்புகள் சேர்ந்து வரும்போது எது எதை உடைத்தது என்று தேடுவது பெரிய வேலை. வெளியே திறந்திருக்கும் பெட்டி என்றால் பாதுகாப்புத் திருத்தங்களும் தவறிப்போகும்.

அப்டேட்டுக்கு முன் பேக்கப் எடுக்கிற தெரிவு திரையிலேயே வருகிறது. கட்டாயம் போடுங்கள். முன்னே சொன்ன இரண்டு பக்க ஏற்பாடு ஓஎஸைத்தான் காப்பாற்றும், உங்கள் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகாது. 2025 தொடக்கத்தில் பேக்கப் பகுதியை முழுக்க மாற்றிவிட்டார்கள். இப்போது தானாக எடுக்கும், வெளியே கூகுள் டிரைவுக்கும் அனுப்பும், வேறொருவர் வாசிக்க முடியாதபடி பூட்டியும் வைக்கும். அந்தப் பூட்டின் திறப்பை அவசரக் கோப்பு என்று ஒன்றாகத் தரும். அதைப் பதிவிறக்கிப் பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும். பெட்டி செத்த பிறகு திறப்பு பெட்டிக்குள் இருந்து பயனில்லை. நான் அதைத் தாளில் அச்செடுத்து, வீட்டுக்காரர் காணி உறுதி வைத்திருக்கும் ஃபைலுக்குள் வைக்கச் சொல்கிறேன். அந்த ஃபைலை இங்கே ஒருவரும் தொலைக்க மாட்டார்கள்.

பேக்கப் எவ்வளவு நல்லதென்று 2025 இல் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம், 32 பிட் சாதனங்களுக்கான ஆதரவை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். ஆண்டுக் கடைசியோடு அது நின்றது. புதுக்குடியிருப்பில் ஒரு பை 3 இல் பழைய 32 பிட் இமேஜ் ஓடிக்கொண்டிருந்தது. பை 3 இன் சில்லு 64 பிட்டும் தாங்கும். ஆகவே பேக்கப் எடுத்து, 64 பிட் இமேஜைப் புதிதாக எழுதி, தொடக்கத் திரையிலேயே பேக்கப்பைக் கொடுத்தேன். சுவிச், சென்சர், பெயர்கள், நேரக்கட்டளைகள் எல்லாம் இருந்த இடத்தில் வந்து இருந்தன. ஒரு கிழமைக்குப் பிறகு அதே பேக்கப் முறையில் மினி பிசிக்கும் மாற்றினேன், ஏனென்றால் 1 ஜிபி நினைவகத்தில் பை 3 மூச்சு வாங்குகிறது. வேறு வகைப் பெட்டிக்குள் அப்படியே தூக்கி வைக்க முடிவது சின்ன விஷயமில்லை. ஆனாலும் சொல்கிறேன், இங்கே ஒரு பை 3 வாங்கியவர் அதை ஐந்தாறு ஆண்டு பாவிக்கத்தான் வாங்குகிறார். ஆறு மாத அவகாசம் எங்கள் மாதிரி இடங்களுக்குக் குறைவுதான்.

தூரத்திலிருந்து பார்ப்பது பற்றி. மொபைல் இணைப்புகளில் பெரும்பாலும் வீட்டுக்கென்று தனி வெளி முகவரி கிடைக்காது, பலர் ஒரே முகவரியைப் பகிர்வார்கள். ஆகவே ரவுட்டரில் வாசல் திறந்து விடுகிற பழைய வழி சரிவராது, பாதுகாப்பும் இல்லை. தூரத்திலிருந்து பெட்டியைப் பார்க்க வழி தரும் நபு காசா நிறுவனத்தின் கிளவுட் சந்தா மாதம் 6.50 டொலர். வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டுவதென்றால் அதுவே லேசு, திட்டத்துக்கும் அந்தக் காசு போய்ச் சேரும். கட்ட முடியாத வீடுகளுக்கு, பெட்டியையும் என் கணினியையும் தனிப்பட்ட பாதையால் இணைக்கும் டெயில்ஸ்கேல் ஆட்-ஒன் போடுகிறேன். என் கடையிலிருந்து எல்லாப் பெட்டியையும் பார்ப்பது அதனால்தான்.

இந்த ஓஎஸ் மூடிய பெட்டி என்று குறைப்படுகிற பொறியியல் மாணவர்கள் அறிவியல்நகரிலிருந்து கடைக்கு வருவதுண்டு. டெபியன் பழகியவர்களுக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், அது உண்மை. இதே வேலையைச் செய்யும் ஓப்பன்ஹாப் என்ற இன்னொரு மென்பொருளை ராஸ்பெரி பை ஓஎஸ் மேல் ஓட்டினால் எல்லாச் சுதந்திரமும் உண்டு. ஆனால் அந்தச் சுதந்திரத்தில் யாரோ ஏதோ நிறுவிவிட்டு மறந்த பிறகு, பெட்டி ஏன் எழும்பவில்லை என்று தேடப் போவது நான். எல்லா வீட்டிலும் ஒரே ஓஎஸ், ஒரே அமைப்பு என்றால் ஒரு வீட்டில் கண்ட பழுதை அடுத்த வீட்டில் வருமுன் தடுக்கலாம். பராமரிக்கிறவளுக்கு அதுதான் பெறுமதி.

உள்ளே போக வழியே இல்லை என்றும் இல்லை. ஒரு பென்டிரைவுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'கொன்ஃபிக்' என்று பெயர் வைத்து, அதில் உள்நுழைவதற்கான உங்கள் எஸ்எஸ்எச் திறப்புக் கோப்பைப் போட்டுப் பெட்டியில் செருகி ரீபூட் செய்தால், வேறு கணினியிலிருந்து 22222 என்ற போர்ட்டில் ஓஎஸின் அடிமட்டத்துக்கே போகலாம். அதே பென்டிரைவில் வைஃபை விவரத்தையும் கொடுக்கலாம். யாராவது ரவுட்டரை மாற்றி வைஃபை பெயரும் மாறிப்போன வீட்டில், திரையும் கீபோர்டும் தூக்கிக்கொண்டு போகாமல் இந்தப் பென்டிரைவோடு போய்வரலாம். மிகவும் யோசித்துச் செய்த வசதி. மினி பிசியை நேராக லான் வயரில் ரவுட்டரோடு பூட்டினால் இதுவும் தேவைப்படாது. ஆனால் வயர் ஒரு முழத்துக்கு மேல் போக வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தில் வளவு முழுக்க இழுத்த லான் வயர் மின்னலை வீட்டுக்குள் கூட்டிவரும். கிணற்றடி, மாட்டுக்கொட்டில் எல்லாவற்றுக்கும் வைஃபையே போதும்.

தமிழ் பற்றியும் சொல்ல வேண்டும். மொழித் தெரிவில் தமிழ் இருக்கிறது. எல்லாச் சொல்லும் பெயர்க்கப்படவில்லை, அமைப்புப் பக்கங்களில் ஆங்கிலம் கலந்தே வரும். வீட்டுக்காரர் பார்ப்பது நாங்கள் கட்டிக் கொடுக்கும் முன்திரையைத்தான், அதில் எல்லாவற்றையும் தமிழில் எழுதலாம். 'கிணத்து மோட்டர்', 'முத்தத்து லைட்', 'தாங்கித் தண்ணி' என்று அவர்கள் கதைக்கிற மாதிரியே போடுங்கள். ஒரு நுணுக்கம்: சாதனத்துக்கு முதலில் ஆங்கிலப் பெயர் கொடுத்துச் சேர்த்துவிட்டு, பிறகு காட்டும் பெயரைத் தமிழாக்குங்கள். தொடக்கத்திலேயே தமிழ்ப் பெயர் கொடுத்தால் உள்ளே அதற்கு வாயில் நுழையாத ஆங்கில எழுத்துக் கோவை ஒன்றை அதுவே உண்டாக்கிவிடும். பின்னால் கட்டளை எழுதும்போது எது எது என்று தெரியாது.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். தாங்கி நிரம்பினால் மோட்டர் நிற்க வேண்டும், வேறொன்றும் தேவையில்லை என்றால் இதைப் பூட்டாதீர்கள். மிதவை சுவிச் ஒன்று போதும், அதற்கு அப்டேட்டும் இல்லை, டேட்டாவும் இல்லை. ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ ஒருமுறையாவது எட்டிப் பார்க்க ஆள் இல்லாத வீட்டுக்கும் வேண்டாம். சோலரும் மோட்டரும் கமெராவும் வாசல் சென்சரும் சேர்ந்து, தூரத்தில் இருக்கும் பிள்ளை அம்மா எழும்பிவிட்டாரா என்று அறிய வேண்டிய வீட்டுக்கு, இதைவிட நல்லது நான் இதுவரை காணவில்லை. பெட்டி தேர்ந்தெடுத்து மாரடிக்க விருப்பமில்லாதவருக்கு, அவர்களே 2023 இல் வெளியிட்ட ஹோம் அசிஸ்டன்ட் கிரீன் இருக்கிறது. 4 ஜிபி நினைவகம், 32 ஜிபி உள்ளக சேமிப்பு, எஸ்டி கார்ட் தொல்லை இல்லை. வெளிவந்தபோது 99 டொலர். வெளிநாட்டிலிருந்து வரும் யாராவது கையோடு கொண்டுவரலாம்.

இதைக் கட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஓஎஸ் அப்டேட் கோப்பை அந்தக் கொன்ஃபிக் பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோய், இணையம் இல்லாமலே ஏற்ற வழி வைத்திருக்கிறீர்கள். நான் அதைப் பாவிக்கிறேன். கடையில் ஒருமுறை இறக்கி, ஒரே வகைப் பெட்டி உள்ள வீடுகளுக்கெல்லாம் அதே கோப்பைக் கொண்டுபோகிறேன். ஒவ்வொரு மாதமும் வருவதும் கூடுதலாக டேட்டா தின்பதும் மையப் பகுதிதான். அதற்கும் ஆட்-ஒன்களுக்கும் அதே பென்டிரைவ் வழியைத் திறந்துவிட்டால், ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வீடுகளுக்கும் நேரத்துக்கு அப்டேட் போட்டுவிடுவேன்.